எல்லா வாசலும் வடக்கு பார்த்த தெரு

நீங்கள் செயல் அலுவலராகப் பொறுப்பேற்கப் போகும் அன்று, தேநீர் வருவதற்கு முன்பே தலைமை எழுத்தர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். மேலே ‘ஊரின் வரலாறும் தன்மையும்’ என்று தலைப்பு இருக்கும். பரப்பளவு, மக்கள்தொகை, வார்டுகள், தெருவிளக்குகள், குடிநீர்த் தொட்டிகள், எப்போது பேரூராட்சி ஆனது என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் ‘மக்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள்’ என்று ஒரு வரி. நான் வேலை பார்த்த எல்லா ஊர்த் தாளிலும் அந்த வரி இருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா மண்டை உடைகிற ஊரிலும் இருந்தது.

அந்தத் தாளைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். மேலிடத்திலிருந்து யாராவது வந்து கேள்வி கேட்கும்போது கைகொடுக்கும். ஆனால் அதில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் நேற்று ஓய்வு பெற்றவன் போலத்தான் இன்னும் உளறிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். பரவாயில்லை, உங்களுக்கு இன்று வேறு வகுப்பு இல்லையாம்.

போடிநாயக்கனூரிலிருந்து மலைக்குப் போகிற பக்கம், அடிவாரத்தை ஒட்டி ஒரு சின்னப் பேரூராட்சி. பெயர் வேண்டாம். அங்கிருந்து இன்னும் எனக்குப் போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்வார்கள். மலைக்குப் பொதிமாடு ஓட்டிப் போனவர்கள் ஏறுவதற்கு முன் தங்கிய இடம் அது என்பார்கள். பிறகு மேலே, கேரள எல்லைக்குள், ஏலக்காய்த் தோட்டங்கள் பெருகின. கூலிக்குப் போன குடும்பங்கள் காய் எடுக்கிற பருவம் முழுக்க மேலேயே தங்கின. அடிவாரத்தில் அவர்களுக்கு இருந்த குடிசை, பானை சட்டியைப் போட்டு வைக்கிற இடம்தான். ஜீப்புகள் வந்த பிறகுதான் கதை மாறியது. விடியுமுன் ஏறி, பொழுது சாய இறங்கிவிடலாம் என்றானதும் பிள்ளைகளைக் கீழே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், குடிசைக்குச் சுவர் வைத்தார்கள், வாசலில் முருங்கை நட்டார்கள். கூலி கேரளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் என்று ஒரு ஊர் உண்டானது இப்படித்தான்.

போன புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. பெண்களுக்கான மருத்துவ முகாம் ஒன்றைப் பகல் பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு செய்தோம். போடியிலிருந்து டாக்டரம்மா வந்தார், பந்தல் போட்டாயிற்று, ஒலிபெருக்கி கட்டியாயிற்று. வந்தது நாலு வெள்ளாடும் அவற்றை மேய்த்த பெரியவரும்தான். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினோம். “என்ன சார், ஊருல ஆளே இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டார். துப்புரவு மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, “ஆளெல்லாம் மேல இருக்காக மேடம். ஊரு ஆறு மணிக்கு மேலதான் வரும்” என்றார். அடுத்த முகாமைச் சாயங்காலம் ஜீப்பு நிற்கிற இடத்திலேயே வைத்தோம். இறங்கிய சேற்றுக் காலோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த ஊரில் ஓடைத் தெரு என்று ஒரு தெரு. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் சரிவு, நடுவில் இரண்டு வரிசை வீடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். ஐப்பசி மழைக்கு ஓடை வீட்டுக்குள் வரும், சரிவிலிருந்து கல் உருளும். ஒரு வருஷம் ஒரு வீட்டின் பின்சுவர் மொத்தமாக உள்ளே விழுந்தது. அந்த வீட்டுக்காரி மலைக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். இனி அந்தத் தெருவில் யாரும் இருக்கக்கூடாது, அடுத்த மழைக்குள் மொத்தத் தெருவையும் இடம் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேட்டில் பழைய புளியந்தோப்பு இருந்த புறம்போக்கில் புது வீடுகள். நல்ல இடம், ரோடும் பக்கம்.

அரசாங்க வேலையில் இப்படி எல்லாம் கூடி வருவது அபூர்வம். அதிலும் அந்த ஊருக்கு ஒரு நல்ல பேரூராட்சித் தலைவர் வாய்த்திருந்தார். சிலமலைப் பக்கம் பூர்வீகம், வயல் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். ஏலக்காய் வியாபாரத்துக்காக இங்கே வந்து வீடு கட்டியவர். அவரை நாங்கள் தலைவர் என்றே கூப்பிடுவோம். வரைபடம் போடும்போது எங்கள் இன்ஜினியரம்மாவிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எல்லா வாசலும் வடக்கு பாத்து வச்சிருங்கம்மா. ஒருத்தருக்கு நல்ல திசை, ஒருத்தருக்குக் கெட்ட திசைன்னு வேண்டாம். ஏழைபாழைக அதுலயாவது நல்லா இருக்கட்டும்.”

இன்ஜினியரம்மா ராசிங்காபுரத்துப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவர். வாஸ்து எல்லாம் நம்பாதவர். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஆசைதானே என்று அப்படியே போட்டுக் கொடுத்தார். எனக்கும் சரியென்றே பட்டது. வரிசை வரிசையாக, எல்லா வீடும் ஒரே பக்கம் முகம் வைத்து, வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல. வரைபடம் மேலே போய் ஒப்புதல் ஆகி வந்தது. புளியந்தோப்பில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். முதல் வரிசைக்கு வானமும், அதாவது அஸ்திவாரக் குழியும், தோண்டத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். வீடு மாறச் சம்மதம் என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதித் தர வேண்டும். ஒருவரும் தரவில்லை. இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், “பாப்போம் சார்” என்றார்கள். அந்த வட்டாரத்தில் ‘பாப்போம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம். வீடு சிறிசா என்று கேட்டேன், இல்லை. ரோடு தூரமா, இல்லை. தண்ணீர் வராதென்று யாராவது சொன்னார்களா, இல்லை. “நல்லாத்தான் சார் இருக்கு. என்னமோ ஒப்பல” என்றார்கள்.

அலுவலகத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரன் தூண்டிவிடுகிறான் என்றார் ஒருவர். பழைய இடத்தையும் வைத்துக்கொண்டு புதுசையும் வாங்கப் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். தலைவர் மிகவும் நொந்து போயிருந்தார். “வடக்கு வாசல் வச்சுக் குடுத்தும் வேண்டாங்கிறாகளே சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வருவாய்த் துறையிலோ வேறு பேச்சு. சம்மதம் வராவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும், மழைக்கு முன் போலீசை வைத்துக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்கவைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். நடுவில் நான்.

அந்தத் தெருவில் பேச்சியம்மா என்று ஒருத்தி. அவள் கணவர் முத்தையா தோட்டத்தில் நிழல் மரத்தின் கிளை கழிக்க ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கையிலும் வலு குறைந்துவிட்டது. வருஷக்கணக்காகப் படுக்கையில். பேச்சியம்மா மலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். காலி செய்யும் பேச்சு வந்ததிலிருந்து அவள் என் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தாள், வந்து ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டுப் போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்?

சம்மதம் வந்ததா என்று மேலிடத்திலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய், ஒருநாள் ஜீப்பு கிளம்பும் நேரத்துக்கு நானே ஓடைத் தெருவுக்குப் போனேன். தெரு முழுக்க விளக்கு. தூக்குச்சட்டி மூடுகிற சத்தம், இருமல், டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டு, “வெரசா வாங்க ஆத்தா, மேல சேட்டன் கத்துவாரு” என்று அவசரப்படுத்துகிற சத்தம். தோட்டத்து மேஸ்திரி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இவர்களுக்குச் சேட்டன்தான்.

அப்போது பார்த்தேன். ஒவ்வொருத்தியும் வீட்டைப் பூட்டினாள், தெருவைக் குறுக்கே கடந்தாள், எதிர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஒருத்திகூடப் பக்கத்து வீட்டில் கொடுக்கவில்லை. அத்தனை பேரும் எதிர் வீட்டில். பேச்சியம்மா மட்டும் பூட்டவில்லை. கதவை விரியத் திறந்து வைத்து, அது ஆடாமல் இருக்க ஒரு கல்லை அண்டை கொடுத்தாள். பிறகு எதிர் வீட்டைப் பார்த்து, “மதினி, வர்றேன்” என்றாள். எதிர் வீட்டு வேலம்மா ஏலக்காய்ச் சாக்கை வாசலில் இழுத்துப் போட்டபடியே, “போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான். ஜீப்பு போய்விட்டது.

வேலம்மா வியாபாரிகளிடமிருந்து காய் வாங்கி வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தரம் பிரித்துக் கொடுப்பவள். நான் அவளிடம் கேட்டேன். “ஏம்மா, பக்கத்து வீட்டுல சாவி குடுத்தா ஆகாதா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாமல் ஊரை எப்படி ஆளுகிறாய் என்று கேட்பது போல இருந்தது.

“பக்கத்து வீட்டுக்காரிக்கு எங்க வீட்டுச் சண்டை கேக்கும் சார். வாசல் தெரியுமா? எதுத்த வீட்டுக்காரிக்குத்தான் வாசல் தெரியும். யாரு வந்தா, யாரு போனா, பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துச்சா, கொரங்கு உள்ள போச்சான்னு அவதான் பாப்பா. இந்தா, இங்கன உக்காந்தா அந்தண்ணன் கட்டிலு தெரியுது பாருங்க. கைய ஆட்டுனாருன்னா தண்ணி கேக்குறாருன்னு அர்த்தம். ரெண்டு தடவ ஆட்டுனாருன்னா ஈ மொய்க்குது.”

பார்த்தேன். திறந்த கதவுக்குள் கட்டில் தெரிந்தது. முத்தையா படுத்தபடியே எனக்கு வணக்கம் வைத்தார்.

“செல்போன் இருக்கே” என்றேன்.

“மேல டவர் எங்க சார் கெடைக்குது? கெடைச்சாலும் அவ அங்கன இருந்து இவரைப் பெரட்டிப் போட முடியுமா?”

“இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா?”

“எதைச் சார்?” என்றாள். நடிப்பில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது மனு எழுதிக் கொடுப்பார்களா? கொஞ்ச நேரம் காயைப் பொறுக்கிவிட்டு அவளே சொன்னாள். “அங்கன எல்லாம் ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்து இருக்கணும். எங்க வாசல்ல உக்காந்தா முன்வீட்டுக் கக்கூசுச் சன்னல்தான் தெரியும். தலைவரு ஆசையா வச்சுக் குடுத்துருக்காரு, அவரு மனசு நோகும்னு ஒருத்தரும் வாயத் தெறக்கல.”

நேராகப் புளியந்தோப்புக்குப் போனேன். இன்ஜினியரம்மாவையும் வரச் சொன்னேன். இருவரும் சுண்ணாம்புக் கோட்டுக்குள், ஒரு வீட்டின் வாசல் வரும் இடத்தில் நின்று எதிரே பார்த்தோம். அவர் புத்திசாலி, நான் முழுவதும் சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையத் திருப்பிட்டாப் போதும் சார். பின்பக்கமும் பின்பக்கமும் சேந்துரும், சாக்கடைகூட மிச்சமாகும். ஆனா ஒப்புதலான வரைபடம் சார் இது. அப்புறம், பாதி வீட்டுக்குத் தெக்கு வாசல் வந்துருமே.”

இரண்டு கஷ்டங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலாவதற்கு மாவட்டத்தில் இருந்த என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. கறாருக்குப் பேர்போனவர். அவர் வருகிறார் என்றால் ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்து வைப்போம். விஷயத்தைச் சொல்லி, வரைபடத்தை மாற்ற அனுமதி வேண்டும் என்றேன்.

“நீ இப்ப எங்கிட்ட அனுமதி கேட்டியா?” என்றார்.

“ஆமா சார்.”

“கேட்டா நான் கூடாதுன்னுதான் சொல்லணும். திரும்ப அனுப்பி ஒப்புதல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள அந்த ஓடை வந்துரும். அதனால நீ கேக்கல. லைன் சரியா இல்ல. என்ன?”

“சார், நாளைக்கு ஆடிட்ல...”

“ஆடிட்ல கேட்டா, நின்னு பதில் சொல்லு. சொல்றதுக்கு உங்கிட்ட பதில் இருக்கில்ல? பதில் இல்லாதவன்தான் அனுமதிக்கு அலையணும்.” வைத்துவிட்டார்.

அதை நான் துணிச்சல் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லா நேரத்திலும் இப்படிச் செய்யாதீர்கள், வேலை போய்விடும். ஆனால் எது எங்கே நகர்கிறது, யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் கீழே உங்கள் பெயரைப் போட நீங்கள் தயார் என்றால், செய்யலாம். நான் போட்டேன்.

இரண்டாவது கஷ்டம்தான் பெரிது. தலைவர் வீட்டுக்குப் போனேன். பெரிய வீடு, தோட்டம், சுற்றிலும் உயரமான மதில். முன்பு நாலைந்து முறை போயிருக்கிறேன், எப்போதும் பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் உள்ளே கூட்டிப் போவார்கள். ஏனென்று கேட்டதில்லை. அன்று முன்பக்கம் சுற்றிப் போனதில், தெற்கே பார்த்த பெரிய நிலை, தேக்குச் சட்டத்தோடு அப்படியே நின்றது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது. பூசக்கூட இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. “தெக்கு வாசலா? என் தலைமையில நடக்குற வேலையில ஏழைகளுக்கு எமன் வாசல வச்சுக் குடுத்தேன்னு ஊரு பேசணுமா சார்?”

“நம்பிக்கைதானே தலைவரே...”

“உங்களுக்கு நம்பிக்கை. நான் பாத்தவன் சார்.” செங்கல் இருந்த பக்கம் கையைக் காட்டினார். “அன்னைக்கு நான் போடியில காய் ஏலத்துல இருந்தேன். நடு மத்தியானம். என் வீட்டுக்காரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்திருக்கா. அந்தப் படியிலயே... பொழுது சாய வேலைக்காரப் பொண்ணு வந்துதான் பாத்துச்சு. அதுக்கப்புறம் அடைச்சேன்.”

மனைவியைப் பறிகொடுத்தவரிடம் போய் வரைபடம் பேசுவதா? காப்பி வந்தது, குடித்தேன். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்து அவர் வடக்கு வாசல் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவரிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும்போது அவரே சொன்னார். “அவுகளையே கேளுங்க சார். எதிரெதிர் வீட்டு சோடியாவே குடுப்போம், நீங்க சொல்றபடி. ஆனா அந்தச் சோடியில தெக்கு வாசல் யாருக்குன்னு அவுகளே எங்கண்ணு முன்னால சொல்லட்டும். நான் யாரு தலையிலயும் கட்ட மாட்டேன்.”

நியாயமான பேச்சு. ஜீப்புகள் இறங்கியதும் சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினோம். தெருவே வந்திருந்தது. நான் எழுந்து விளக்கினேன். வீடு ஒதுக்கும் குலுக்கலில் குடும்பத்துக்கு ஒரு சீட்டு கிடையாது, இப்போது எதிரெதிரே இருக்கிற இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சீட்டு. அங்கேயும் எதிரெதிரே இருப்பீர்கள். ஒன்று வடக்கு பார்த்தது, ஒன்று தெற்கு பார்த்தது. எது யாருக்கு என்று நீங்களே பேசிச் சொல்லுங்கள்.

எதிரெதிரே என்றபோது கூடத்தில் கிளம்பிய மகிழ்ச்சி, தெற்கு என்றதும் அடங்கிவிட்டது.

முதல் சோடியைக் கூப்பிட்டேன். அத்தனை வருஷம் சாவியைக் கொடுத்து வாங்கிய இரண்டு பெண்கள். ஒருத்தி தரையைப் பார்த்தாள், இன்னொருத்தி கூரையைப் பார்த்தாள். “எம் மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம் சார்” என்றாள் ஒருத்தி. “எம் மருமக முழுகாம இருக்கா” என்றாள் மற்றவள். இரண்டும் உண்மை. இரண்டாவது சோடி பேச ஆரம்பித்துச் சண்டையில் முடிந்தது. பின்வரிசையில் ஓர் இளைஞன் எழுந்து, “ஏன் சார் எங்களுக்குள்ள கோள் மூட்டுறீக? ஒண்ணா இருந்த தெருவ ரெண்டாக்கத்தான் இந்தத் திட்டமா?” என்று கத்தினான். இரண்டு மூன்று பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேனே என்கிற பார்வை இல்லை அது, வருத்தம்தான் இருந்தது. வானம் தோண்டியது தோண்டியபடி கிடக்க, திட்டமும் போய், தெருவும் உடைந்து, மழையும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பேச்சியம்மா உள்ளே வந்தாள். அவள் வந்த ஜீப்பு வழியில் பஞ்சராகிவிட்டதாம். தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் என்ன ஏது என்று கேட்டாள். கேட்டுவிட்டு நேராக முன்னால் வந்தாள். என் அலுவலகத்தில் இரண்டு முறை வாய் திறக்காமல் நின்றவள்.

“சார், எனக்குத் தெக்கு வாசல எழுதிக்கோங்க.”

வேலம்மா கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்தாள். “ஏய் பேச்சி, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? படுத்த படுக்கையா மனுசன வச்சுக்கிட்டுத் தெக்கு வாசலா? சார், அவளுக்கு வடக்கு எழுதுங்க. தெக்கு எனக்கு.”

“நீ சும்மா இரு மதினி.”

“நீ சும்மா இருடி! எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். சார், எழுதுங்க.”

“சார், எழுதாதீக.”

ஒரே சண்டை. அதுவரை வந்த சோடிகள் தெற்கைத் தள்ளிவிடச் சண்டை போட்டார்கள். இவர்கள் பிடுங்கிக்கொள்ளச் சண்டை போட்டார்கள். வெளியே போக எழுந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் தலைவரே, “ஏம்மா பேச்சியம்மா, தெரிஞ்சுதான் கேக்குறியா? அது எமன் வாசல்னு சொல்லுவாக” என்றார்.

பேச்சியம்மா அவர் பக்கம் திரும்பினாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

“தெரியும்ணே. எமன் வருவான்ங்கிறாக. வரட்டும். எங்க வீட்டு வாசலுக்கு வந்தான்னா இந்தா இவ எதுத்தாப்புல உக்காந்திருப்பா, பாத்துருவா. ஓடி வந்துருவா. இவ வீட்டு வாசலுக்கு வந்தான்னா, நான் மலையில கெடப்பேன். இவளுக்கு யாருண்ணே பாக்குறது?”

வேலம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் தலைவர் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஆனாலும் பார்த்துவிட்டேன். அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கு எதிரே வீடு கிடையாது, மதில்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் வெகுநேரம் நடக்கவில்லை. மலைக்குப் போகிறவளுக்குத் தெற்கு, வீட்டில் இருக்கிறவளுக்கு வடக்கு என்று யாரோ சொன்னார்கள். பாதிச் சோடிகள் அப்படி முடிந்தன. மாப்பிள்ளை பார்க்கிறவளும் மருமகள் முழுகாமல் இருக்கிறவளும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். எது என்று கேட்டால் இப்போது எனக்கு நினைவில்லை. அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஏதோ நடந்தது, நான் அதில் தலையிடவில்லை. இன்ஜினியரம்மா மறுநாளே புளியந்தோப்பில் கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டார். ஆடிட்டில் கேட்டார்கள். நின்று பதில் சொன்னேன். இரண்டு வருஷம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அதுவும் உண்மை. உங்களுக்கும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

சுவர் எழும்பும்போதே, மழை தொடங்க, மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். அந்த ஐப்பசியில் ஓடை வழக்கம்போல வந்தது, சரிவும் கொஞ்சம் இறங்கியது. ஆள் யாரும் அங்கே இல்லை. தையில் புது வீடுகளுக்குப் பால் காய்ச்சினார்கள். தலைவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். தெற்கு வாசல் வீடுகளுக்குத்தான் முதலில் போனார்.

ஊரின் தன்மை என்று உங்கள் தாளில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். தெரியவில்லை. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்து எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு கூட்டம் நிற்கும்போது, முரண்டு என்று எழுதிவிட அவசரப்படாதீர்கள் என்றும் சொல்வேன். உங்களில் பாதிப் பேர் இதை மறந்துவிடுவீர்கள், அதுவும் தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போடிக்குப் போனவன், புளியந்தோப்பு வீடுகள் பக்கம் எட்டிப் பார்த்தேன். நடு மத்தியானம். தெரு காலியாக இருந்தது. வேலம்மா வீட்டு வாசலில் சாக்கும் காயும் பரப்பியபடி கிடந்தன, அவளைக் காணவில்லை. எதிர் வீட்டில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முத்தையாவைத் தலையணையில் சாய்த்து வைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள் வேலம்மா. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்” என்றாள், கையை நிறுத்தாமல். “செத்த உக்காருங்க, வந்துர்றேன். பாருங்க இந்த மனுசன, பொண்டாட்டி வச்ச கொழம்பு இல்லையாம், எங் கொழம்பாம், எறங்கலையாம். தெனமும் இதே ரோதனைதான் சார் எனக்கு!”

முத்தையா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, வாயைத் திறந்தார்.